பேட்டரி தயாரிப்பு ஆய்வுக்கு அரசாங்க மானியம்: பினாங்கில் இருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கூலிமில் ஈவ் எனர்ஜி ஆலைக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே சிரம்பானில் சாம்சங் எஸ்.டி.ஐ. தன் இரண்டாவது ஆலைக்குப் பூமி பூஜை போட்டுவிட்டது. லித்தியம் பேட்டரிக்குள் வைக்கும் பிரிப்புப் படலத்தைத் தயாரிக்க ஐ.என்.வி. என்ற சீன நிறுவனம் பினாங்குக்கே வந்திருக்கிறது. இதையெல்லாம் பார்த்துவிட்டு, பாயான் லெப்பாஸிலும் பத்து காவானிலும் சிறிய எந்திரப் பட்டறை நடத்தும் நம் ஆட்களும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் கேட்பது ஒன்றுதான்: இதில் ஆய்வு செய்ய அரசாங்கம் காசு கொடுக்குமா?

கொடுக்கும். ஆனால் "பேட்டரி செய்யப் போகிறேன்" என்று போய் நின்றால் கொடுக்காது. பேட்டரி தயாரிப்பின் ஏதாவது ஒரு கட்டத்தைப் பிடித்து, அதில் எந்த எண்ணை எவ்வளவு மாற்றப் போகிறீர்கள் என்று சொல்லி, அதற்குப் பொருந்தும் நிதித் திட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு வேலைக்காகத்தான்.

படி 1: ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

லித்தியம் பேட்டரி ஆலைக்குள் நடப்பது ஏறக்குறைய இதுதான். மின்முனைப் பொருள், கரிப்பொடி, பசை மூன்றையும் கரைப்பானில் கலந்து கூழாக்குவார்கள். அந்தக் கூழை மெல்லிய உலோக ஃபாயிலின் மேல் பூசுவார்கள். நேர்முனைக்கு அலுமினியம், எதிர்முனைக்குச் செம்பு. பூசியதை நீண்ட சூளைக்குள் ஓடவிட்டுக் காயவைத்து, உருளைகளுக்கு நடுவே அழுத்தி, நாடா நாடாக வெட்டுவார்கள். பிரிப்புப் படலத்தோடு சேர்த்துச் சுருட்டியோ அடுக்கியோ கூட்டுக்குள் வைத்து, மின்பகு திரவம் ஊற்றி மூடுவார்கள். அப்புறம் முதல் மின்னேற்றம். ஃபார்மேஷன் என்பது இதைத்தான். கடைசியாக நாள்கணக்கில் சும்மா வைத்திருந்து, தானாக மின்னழுத்தம் இறங்கும் செல்களை, அதாவது தனித்தனி பேட்டரி அலகுகளை, கழித்துக் கட்டுவார்கள்.

இதில் எதை எடுப்பது? என் கருத்தில், பினாங்குக்காரர்கள் வேதியியலில் போய் மோதுவதைவிட எந்திரத்திலும் சோதனையிலும் இறங்குவது புத்திசாலித்தனம். கிரேட்டெக், பென்டாமாஸ்டர், விட்ரோக்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்தத் தீவிலும் பெருநிலத்திலும் தானியங்கி எந்திரமும் கேமரா சோதனையும் செய்தே வளர்ந்தவை. அவற்றில் வேலை கற்றுக்கொண்டு வெளியே வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கியவர்கள் நம்மிடையே நிறைய உண்டு.

ஒரு உதாரணம் பாருங்கள். பூசிக் காய்ந்த நேர்முனைத் தாளைக் கையில் எடுத்து விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால், கறுப்புப் பூச்சின் நடுவே அங்கங்கே ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக ஃபாயில் மினுங்கும். கூழில் மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழி உடைந்த இடம் அது. தாளை வெட்டிய ஓரத்தில் விரலை ஓட்டினால் சில இடத்தில் பிசிறு தட்டுப்படும். அந்தப் பிசிறு பிரிப்புப் படலத்தைக் குத்திக் கிழித்தால் செல்லுக்குள் ஷார்ட் ஆகிவிடும். நாற்பது ஐம்பது ஆண்டுகளாகச் சிப்பின் காலில் இப்படிப்பட்ட குறைகளைத் தேடிய ஊருக்கு, ஓடும் தாளில் இவற்றைக் கண்டுபிடிக்கும் எந்திரம் எட்டாத வேலை இல்லை. ஓடும் வேகமும் கறுப்புப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியும்தான் புதிய சிக்கல். ஆய்வுக்குரிய கேள்வியும் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு நல்ல கட்டம் உலர் அறை. மின்பகு திரவத்தில் இருக்கும் லித்தியம் உப்பில் ஈரம் பட்டால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகும். அதனால் திரவம் ஊற்றும் அறையின் காற்றை, பனிநிலை (காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரி அல்லது அதற்கும் கீழே போகும் அளவுக்கு உலர்த்தி வைக்கிறார்கள். ஆண்டு முழுக்க வெளியே புழுக்கமாக இருக்கும் நம் ஊரில் இதற்கு ஆகும் மின்சாரத்தை யோசித்துப் பாருங்கள். குளிர்நாட்டு ஆய்வுக்கூடங்கள் நமக்காக உட்கார்ந்து தீர்த்துத் தரப்போகிற பிரச்சினை இல்லை இது. மதிப்பீட்டாளர் முன் "ஏன் மலேசியாவில்?" என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடைப்பது கடினம்.

கூழில் சேர்க்கும் கரைப்பானும் பெரிய விஷயம். நேர்முனைக்கு வழக்கமாகப் பயன்படும் என்.எம்.பி. 202 டிகிரியில் கொதிப்பது. அதை ஆவியாக்கி மறுபடி பிடிப்பதற்கே சூளையின் ஆற்றலில் பெரும்பகுதி போகிறது. கருவுக்குக் கேடு என்று வகைப்படுத்தப்பட்ட பொருள் என்பதால் 2020 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்குக் கட்டுப்பாடும் இருக்கிறது. கரைப்பானே இல்லாமல் பொடியாகப் பூசும் உலர் பூச்சு முறைக்காகத்தான் டெஸ்லா 2019-இல் மேக்ஸ்வெல் நிறுவனத்தை வாங்கியது. சிறு குழு இதில் முழுசாக இறங்குவது ஆபத்து. பொடியைச் சீராகப் பரப்பும் கருவி, தடிமனை அளக்கும் உணரி என்று ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கட்டம் போதுமா என்று தயங்குபவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 20 கட்டம் இருக்கும் வரிசையில் ஒவ்வொன்றும் 99 விழுக்காடு சரியாக நடந்தாலும், கடைசியில் தேறுவது 82 விழுக்காடுதான். ஒரு கட்டத்தில் அரை விழுக்காடு மிச்சம் பிடித்தாலும் பெரிய ஆலையில் அது பெரும் பணம்.

படி 2: நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள்?

மானியம் கொடுப்பவர்கள் எல்லோரும் டி.ஆர்.எல். என்ற தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோலை வைத்துத்தான் பேசுவார்கள். 1 முதல் 9 வரை. 1 என்றால் அடிப்படைக் கொள்கை மட்டும் கையில் இருக்கிறது. 3-க்கு வந்தால் கருத்து செல்லுபடியாகும் என்று காட்டியாயிற்று. 4 என்றால் ஆய்வுக்கூடத்தில் மாதிரி ஓடுகிறது. 6, 7-இல் உண்மையான ஆலைச் சூழலுக்கு அருகே மாதிரி வேலை செய்கிறது. 9 என்றால் வாடிக்கையாளர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இங்கே நம் ஆட்கள் இரண்டு விதமாகச் சறுக்குவார்கள். விரிவுரையாளர்கள் ஒரு காசு அளவு செல்லில் கிடைத்த முடிவை வைத்துக்கொண்டு 6 என்று எழுதிவிடுவார்கள். பட்டறைக்காரர்கள் தங்களையே குறைத்து எடைபோடுவார்கள். "அண்ணே, நான் மெஷின் செய்யறவன், எனக்கு கெமிஸ்ட்ரி தெரியாது, என்னை யாரு பேட்டரி மானியத்துல சேர்ப்பா?" என்று ஒரு தம்பி கேட்டார். அவர் பட்டறையில் வேறொரு தொழிலுக்காகச் செய்த சுருள் இழுக்கும் எந்திரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரித் தாளைப் பொறுத்தவரை அது 4. அவர் எழுதியிருந்தது 2.

எண்ணை எழுதும்போது அதற்கான சான்றையும் கூடவே வையுங்கள்: சோதனைத் தாள், படம், தேதி. சான்று இல்லாத எண் வெறும் ஆசைதான்.

படி 3: எந்தப் பணம்?

1, 2 நிலையில் இருப்பவர்களுக்கு உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியமான எஃப்.ஆர்.ஜி.எஸ். அடுத்த கட்டமாக மாதிரி செய்ய பி.ஆர்.ஜி.எஸ். இரண்டும் உயர்கல்விக் கழகங்களில் இருப்பவர்களுக்கானவை. தனியார் நிறுவனம் நேராக எடுக்க முடியாது. எஃப்.ஆர்.ஜி.எஸ்.-இல் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களும் ஆய்வுக் கட்டுரைகளும் விளைவாகக் கணக்கில் வரும். ஆகவே "எந்திரம் செய்து தருகிறேன்" என்று மட்டும் எழுதினால் அங்கே எடுபடாது. புதிதாக என்ன அறிவு கிடைக்கும் என்பதே அங்கே கேள்வி.

நிறுவனங்கள் பார்க்க வேண்டிய இடம் மோஸ்தி எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சு. அங்கே தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி டெட் 1, டெட் 2 என்று இரண்டாக இருக்கிறது. டெட் 1 கருத்து நிலையில் இருந்து ஆய்வுக்கூட மாதிரிக்குக் கொண்டுபோக. டெட் 2 அதைச் சந்தைக்கு முந்தைய மாதிரியாக வளர்க்க. அதற்கும் மேலே வணிகமாக்குவதற்கான பிரிட்ஜிங் ஃபண்ட். வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால் அனைத்துலக ஒத்துழைப்பு நிதி. உச்சவரம்பும் முன்னுரிமைத் துறைகளும் ஒவ்வோர் அறிவிப்பிலும் மாறும். போன வருடம் நண்பர் வாங்கிய தொகையை வைத்துக் கணக்குப் போடாமல், அந்தந்த அறிவிப்போடு வரும் வழிகாட்டியை வரிக்கு வரி படியுங்கள். நிறுவனத்தில் மலேசியர்களின் பங்கு குறைந்தது 51 விழுக்காடு என்பது வழக்கமான நிபந்தனை. சிங்கப்பூர்ப் பங்காளியை முதலில் சேர்த்துக்கொண்டு அப்புறம் விண்ணப்பிக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவை போக, மோஸ்தியின் கீழ் 2011 முதல் இயங்கும் நேனோமலேசியா ஆற்றல் சேமிப்புத் துறையில் திட்டங்கள் நடத்தி வந்திருக்கிறது. பினாங்கிலேயே இருக்கும் கிரெஸ்ட், மின்னியல் நிறுவனங்களையும் பல்கலைக்கழகங்களையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதற்காக 2012-இல் தொடங்கியது. பட்டறைக்காரருக்கு நல்ல விரிவுரையாளரைத் தெரியாவிட்டால் அங்கே போய்ப் பேசிப் பார்க்கலாம்.

மிடா என்ற மலேசிய முதலீட்டு மேம்பாட்டு வாரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது தொழிற்சாலை முதலீட்டுக்கான வாசல். ஆய்வு மானியமும் முதலீட்டுச் சலுகையும் வேறு வேறு. ஆனால் வருமான வரிச் சட்டம் 1967-இன் 34ஏ பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுச் செலவுக்கு இரட்டைக் கழிவு தருகிறது. லாபம் பார்க்கும் நிறுவனத்துக்கு இது மானியத்தைவிட நிம்மதியான வழியாகக்கூட இருக்கலாம். ஒரே ரிங்கிட்டை மானியத்திலும் வாங்கி வரியிலும் கழிக்க முடியாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். சட்டத்தின் கண்ணில் ஆய்வு என்றால் முறைப்படியான, சோதனை வழியான, புதுமையோ தொழில்நுட்ப அபாயமோ உள்ள வேலை. அன்றாடத் தரச் சோதனையும் சந்தை ஆய்வும் அதில் சேராது.

அமெரிக்க எரிசக்தித் துறையின் அறிவிப்புகளைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். 2021-ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டத்தில் பேட்டரி மூலப்பொருள் பதப்படுத்த 300 கோடி டாலரும், பேட்டரி தயாரிப்புக்கும் மறுசுழற்சிக்கும் இன்னொரு 300 கோடி டாலரும் ஒதுக்கினார்கள் என்பது உண்மைதான். அது அந்த நாட்டு மண்ணில் ஆலை எழுப்புவதற்கான பணம். பினாங்கில் இருந்து அதற்கு விண்ணப்பம் எழுதுவதற்குப் பதில், அந்த அறிவிப்புகளில் என்னென்ன தொழில்நுட்ப இலக்கு வைத்திருக்கிறார்கள் என்று படிப்பது பிரயோஜனம். உலகத்தில் எந்த எண்ணைத் துரத்துகிறார்கள் என்று அதில் தெரிந்துவிடும்.

படி 4: ஆய்வுக்கூடக் கூட்டாளி

பட்டறையிடம் எந்திரம் இருக்கும். செல் செய்து சோதிக்கும் வசதி இருக்காது. யு.எஸ்.எம். எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் தெபாலில் இருக்கிறது. அங்கே மூலப்பொருள், கனிமவளப் பொறியியல் பள்ளி உண்டு. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் அயனியியல் மையம் மின்பகு பொருள் ஆய்வில் நீண்ட நாள் பழகிய இடம். ஷா ஆலமில் தரநிர்ணய, தொழில் ஆய்வு நிறுவனமான சிரிம் இருக்கிறது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் நேரில் போய் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டி ஓடுகிறதா, பழுதாகிக் கிடக்கிறதா? செல்லைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கும் சுழற்சிச் சோதனைக் கருவியில் எத்தனை சேனல் (ஒரு செல்லுக்கு ஒரு சேனல்), அதில் எத்தனை உங்களுக்குக் கிடைக்கும்? அதை ஓட்டத் தெரிந்த மாணவர் எப்போது படிப்பை முடித்துவிட்டுப் போகிறார்? மூன்றாவது கேள்வியைக் கேட்கப் பலருக்குக் கூச்சம். கேட்டே ஆக வேண்டும்.

படி 5: எண்ணும் கால அட்டவணையும்

விண்ணப்பத்தில் நான் அதிகம் நேரம் செலவிடச் சொல்வது இங்கேதான். "பூச்சின் தரத்தை உயர்த்துவோம்" என்பது இலக்கே இல்லை. "நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் தாளில், 100 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள பூச்சு ஓட்டைகளில் 95 விழுக்காட்டைக் கண்டுபிடிப்போம், தவறான எச்சரிக்கை 2 விழுக்காட்டைத் தாண்டாது" என்று எழுதுங்கள். எண் உங்களுடையதாக இருக்கட்டும். இப்படி அளக்கக்கூடியதாகவும் இருக்கட்டும். இன்றைய நிலை, திட்டம் முடியும்போது வரும் நிலை, எப்படி அளப்பீர்கள் என்ற மூன்றும் ஒரே அட்டவணையில் வர வேண்டும்.

அடுத்தது காலம். பேட்டரி ஆய்வில் கால அட்டவணையை உடைப்பது சுழற்சிச் சோதனை. இரண்டு மணி நேரம் ஏற்றி இரண்டு மணி நேரம் இறக்கினால் ஒரு சுழற்சிக்கு 4 மணி நேரம். 1,000 சுழற்சிக்கு 4,000 மணி நேரம், அதாவது இடையில் ஓய்வே விடாமல் ஓடினாலும் 167 நாள். மின்சாரம் போகாமல், சேனல் பழுதாகாமல், ஹரி ராயா விடுமுறையில் ஆய்வுக்கூடத்தைப் பூட்டாமல் இருந்தால்! பன்னிரண்டு மாதத் திட்டத்தில் ஒன்பதாவது மாதம் செல் தயாராகும் என்று எழுதிவிட்டு பன்னிரண்டாவது மாதம் 1,000 சுழற்சி முடிவு தருவோம் என்று போட்டால், விஷயம் தெரிந்த மதிப்பீட்டாளர் அந்தப் பக்கத்திலேயே பேனாவை வைத்துவிடுவார்.

சேனல் கணக்கையும் போடுங்கள். மூன்று விதமான தாள், விதத்துக்கு ஐந்து செல் என்றாலே 15 சேனல் ஆறு மாதம் மாட்டிக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் எட்டுத்தான் இருக்கிறது என்றால் ஒன்று செல்லைக் குறைக்க வேண்டும், இல்லை 300 சுழற்சியோடு நிறுத்திச் சரிவைக் கணித்துக் காட்ட வேண்டும். எதுவானாலும் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தேசியத் திட்டங்களோடு எப்படிப் பொருந்துகிறது என்று ஒரு பத்தி கேட்பார்கள். 2023-இல் வந்த புதிய தொழில்துறைப் பெருந்திட்டம் 2030, அதே ஆண்டின் தேசிய எரிசக்தி மாற்றச் செயல்திட்டம், அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கத்துக்கான 10-10 மைஸ்டி கட்டமைப்பு ஆகிய மூன்றும் போதும். ஒரு பத்திக்கு மேல் நீட்ட வேண்டாம். அவர்களே எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டி என்ன ஆகப்போகிறது?

படி 6: பட்ஜெட்

பல்கலைக்கழக மானியத்தில் பழகியவர்களுக்கு வோட் எண்கள், அதாவது செலவுத் தலைப்புக் குறியீடுகள், மனப்பாடம்: 11000 சம்பளம், 21000 பயணம், 27000 ஆய்வுப் பொருள், 29000 வெளிச் சேவை, 35000 கருவி. மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது 35000-ஐத்தான். மானியம் முழுக்கக் கருவி வாங்குவதற்கே போகிறது என்று தெரிந்தால் சந்தேகம் வந்துவிடும். வாடகைக்கு எடுக்க முடிந்ததை வாடகைக்கு எடுங்கள்.

விட்டுப்போகும் செலவுகளைச் சொல்கிறேன். செல்லை விமானத்திலோ கப்பலிலோ அனுப்ப வேண்டுமென்றால் பேட்டரியைப் பாதுகாப்பாகக் கொண்டுசெல்வதற்கான ஐ.நா. சோதனையான யு.என். 38.3 தேவை. வெளிநாட்டு வாடிக்கையாளர் மாதிரி கேட்கும்போதுதான் பலருக்கு இது ஞாபகம் வரும். பழைய செல்களைக் குப்பையில் போட முடியாது. 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளின்படி லித்தியம் பேட்டரிக் கழிவின் குறியீடு எஸ்.டபிள்யூ. 103, உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. கழிவாகும் கரைப்பானுக்குத் தனிக் குறியீடு, தனிக் கொள்கலன். தீயணைப்பு ஏற்பாடு, காற்றோட்டம், காப்புறுதி எல்லாம் இதே ரகம். இந்த வரிகள் இருக்கும் பட்ஜெட்டைப் பார்த்தால், எழுதியவர் உண்மையிலேயே செல்லைக் கையில் தொட்டவர் என்று தெரிந்துவிடும்.

படி 7: காப்புரிமை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் குடியிருப்பவர் வெளிநாட்டில் முதலில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கக் கூடாது. இங்கே மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓ-வில் பதிந்து இரண்டு மாதம் கழிய வேண்டும், அல்லது எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மாநாட்டில் கட்டுரை வாசித்த பிறகு பதிவு செய்ய மலேசியச் சட்டத்தில் ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே மாணவர் தன் முடிவை மேடையில் காட்டுவதற்கு முன் பதிவு நடந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகமும் பட்டறையும் உரிமையை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதை மானியம் வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள். பணம் வந்தபின் பேச ஆரம்பித்தால் உறவு கெடும்.

படி 8: நேர்முகம்

கூப்பிட்டால் பெரும்பாலும் குறுகிய நேரமே கிடைக்கும். "டாக்டர்", "பேராசிரியர்", "துவான்" என்று உரிய மரியாதையோடு பேசுங்கள். ஆனால் பணிவு காட்டுகிறேன் என்று பதிலைச் சுற்றி வளைக்காதீர்கள். கேட்கப்படும் கேள்விகளை எளிதாக ஊகிக்கலாம். சீனாவில் இதை மலிவாக விற்கிறார்களே, நீங்கள் எதற்கு? இதை யார் வாங்குவார்? சோதனை தோற்றால் என்ன செய்வீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு வாய்ப்பேச்சு உதவாது. வாங்கப்போகிறவர் எழுதிய கடிதம் வேண்டும். அதில் "வாழ்த்துகிறோம்" என்று மட்டும் இருந்தால் பயனில்லை. தாள் மாதிரி தருகிறோம், எங்கள் வரிசையில் ஒரு வாரம் சோதிக்க விடுகிறோம், இந்த எண்ணைத் தொட்டால் வாங்குவது பற்றிப் பேசுவோம் என்று இருக்க வேண்டும். பெரிய ஆலையிடம் இருந்து இப்படி ஒரு கடிதம் வாங்கச் சில மாதம்கூட ஆகலாம். அதனால் விண்ணப்பம் திறக்கும் வரை காத்திருக்காமல் இன்றே கேட்கத் தொடங்குங்கள்.

படி 9: பணம் வந்த பிறகு

மொத்தமாகத் தரமாட்டார்கள். மைல்கல்லுக்கு மைல்கல் தவணையாக வரும். அறிக்கை தாமதமானால் அடுத்த தவணையும் தாமதமாகும். அதற்குள் சம்பளம் கொடுக்கக் கையில் கொஞ்சம் பணம் வைத்திருக்க வேண்டும். திட்டத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்தால் தணிக்கைக்காரர் வரும்போது தலைவலி இருக்காது. வாங்கிய கருவிக்கெல்லாம் சொத்து எண் ஒட்டி, படமெடுத்து வையுங்கள்.

திட்டம் பாதியில் திசை மாறினால், உதாரணமாக ஓட்டையைக் கண்டுபிடிக்கப் போய் ஓரப் பிசிறைக் கண்டுபிடிப்பதே வாடிக்கையாளருக்குத் தேவை என்று தெரிந்தால், முதலில் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அறிக்கையில் கடைசியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் அது விதிமீறல் ஆகிவிடும்.

சோதனைத் தரவை முதல் மாதத்தில் இருந்தே தேதி, தாள் எண், எந்திர வேகம், அறை ஈரப்பதம் ஆகியவற்றோடு ஒரே படிவத்தில் சேமியுங்கள். டெட் 1 முடிந்து டெட் 2-க்கு எழுதும்போது கேட்கும் சான்று அதுதான். அப்போது உட்கார்ந்து பழைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், படிப்பை முடித்துவிட்டுப் போன மாணவருக்கு ஃபோன் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.